திமிங்கலத்துக்கு அடியில் சம்பந்தம்

கப்பலேறிச் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். விமானமேறி லண்டனில் குளிரில் நடுங்கியவர்களும் எழுதுகிறார்கள். நான் ஒரகடத்திலிருந்து மெட்ராஸ் போய் வந்தேன். நடுக்கத்தைப் பொறுத்தவரை நான் அவர்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவன் இல்லை. அவர்களுக்காவது நடுங்குவதற்குக் குளிர் தேவைப்பட்டது.

வீடு பக்கத்து வடக்குப்பட்டில், ஒரகடம் கூட்டு ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வாலாஜாபாத், படப்பை, ஸ்ரீபெரும்புதூர் என்று எந்தப் பக்கம் போகிறவர்களும் என் கடை வாசலில்தான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். நிற்கிறவர்களுக்கெல்லாம் மெட்ராஸுக்கு வழி சொல்லி அனுப்புகிறவன் நான். 'செண்ட்ரல்ல எறங்கினியா, சோத்தாங்கை பக்கம் திரும்பு' என்று சொல்லும்போது என் குரலில் ஒரு கவர்னர் களை வந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை டயர் வாங்க பிராட்வே போய், வாங்கியதும் திரும்பிப் பார்க்காமல் அதே பஸ்ஸில் ஏறி வந்துவிடுவதுதான் என் மெட்ராஸ் அனுபவம் முழுவதும். இதை யாரும் கேட்கவில்லை. நானும் அவர்களைச் சிரமப்படுத்தவில்லை.

காணும் பொங்கலன்று எங்கள் பக்கத்து ஜனம் மொத்தமும் மெட்ராஸுக்குக் கிளம்பிவிடும். குடும்பத்தோடு பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: செத்த காலேஜ், உயிர் காலேஜ், பீச். எழும்பூர் மியூசியத்தில் இருக்கும் மிருகங்கள் செத்துப் பாடம் பண்ணியவை, ஆகவே அது செத்த காலேஜ். செண்ட்ரல் பக்கத்து மிருகக்காட்சி சாலையில் இருப்பவை உயிரோடு கொட்டாவி விடுகின்றன, ஆகவே அது உயிர் காலேஜ். படிக்காத ஜனங்கள் வைத்த பெயர் என்று படித்தவர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் போகும் காலேஜ் இந்த இரண்டில் எந்த வகை என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

நான் போனது ஊர் சுற்ற அல்ல. என் மகள் பிலோமினாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். எங்கே? செத்த காலேஜில்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு 'சொல்லி அனுப்பறோம்' என்று போனால், எத்தனை தட்டு சொஜ்ஜி வீணாயிற்று என்று தெரு முழுக்கக் கணக்கு வைத்துக்கொள்ளும். அதனால் விவரமானவர்கள் காணும் பொங்கலைப் பயன்படுத்திக்கொள்வார்கள். இரண்டு குடும்பமும் மெட்ராஸில் ஏதோ ஓரிடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். எதற்காக வந்தோம் என்று இரு தரப்பும் வாய் திறக்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வந்தோம், அவ்வளவுதான். பிடித்திருந்தால் பேச்சு வளரும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. மானத்துக்குச் சேதாரமில்லாத ஏற்பாடு. மூளை உள்ளவர்களுக்கு.

ஏற்பாடு செய்தவர் என் மனைவி ஆரோக்கியத்தின் அண்ணன் சூசை மச்சான். வியாசர்பாடிக்காரர். இரண்டு குடும்பத்துக்கும் முகம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பொங்கலுக்கு முன் வந்து விவரம் சொல்லிவிட்டுப் போனார்.

"பையன் பேரு ஸ்டீபன். அம்பத்தூர்ல கம்பெனி வேலை, ஷிப்டு. நீலச் சட்டை போட்டுக்கினு வருவான். பொண்ணுக்கு மஞ்சள் பொடவை கட்டி இட்டுக்கினு வா. உச்சி வேளைக்குத் திமிங்கல எலும்புகிட்ட நில்லு மச்சான். நான் வந்து நின்னுடுவேன், மீதிய நான் பாத்துக்கறேன்."

"நீ வரலன்னா?"

"தோ பார்றா. நான் ஏன் வராம போறேன்?"

அந்தக் கேள்விக்கு அன்று இரவே எனக்கு நிறையப் பதில் தோன்றிவிட்டது. பஸ் மோதலாம், கால் முறியலாம், மச்சானுக்கே மறந்து போகலாம். விடிவதற்குள் அவரை மனதுக்குள் அடக்கம் பண்ணிப் பூசையும் வைத்தாயிற்று.

கிளம்புவதற்கு முன் குடும்பத்தை உட்கார வைத்துப் பாதுகாப்பு விதிகள் சொன்னேன். மெட்ராஸ் முழுக்க ஜேப்படி, ஆகவே பிலோமினா கழுத்துச் சங்கிலியையும் அதில் தொங்கும் சிலுவையையும் ரவிக்கைக்குள் தள்ளிவிட வேண்டும். எந்த ஊர் என்று எவனாவது கேட்டால் ஒரகடம், வடக்குப்பட்டு என்று உளறக் கூடாது. பட்டிக்காடு என்று தெரிந்தால் மொட்டையடித்து அனுப்பிவிடுவார்கள். காஞ்சிபுரம் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் பட்டணம் மாதிரி இருக்கும், திருடனுக்கும் மரியாதை வரும்.

"திருடன் நம்மகிட்ட ஊரு பேரெல்லாம் கேட்டுக்கினா திருடுவான்?" என்றாள் ஆரோக்கியம்.

"நீ மெட்ராஸ கண்டியா?"

"நீ கண்டியா?"

அதற்குமேல் விதிகள் சொல்லவில்லை.

காணும் பொங்கலன்று பஸ் எங்கள் கூட்டு ரோட்டைத் தாண்டிப் போகும், நிற்காது. படிக்கட்டில் தொங்கிய கூட்டத்தைப் பார்த்தால் பஸ் உள்ளே இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். கடைசியில் செங்கல் லாரி ஒன்று ஏற்றிக்கொண்டது. மஞ்சள் பட்டுப் புடவையில் ஏறிய பிலோமினா தாம்பரத்தில் செங்காவி நிறத்தில் இறங்கினாள். அவள் அம்மா முந்தானையால் தட்டினாள், இஸ்திரி போட்டதை விரித்து உதறுவது போல. தட்டத் தட்ட மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் ரயில். அதன் குணம் உங்களுக்குத் தெரியும். நின்றதா, கிளம்பியதா என்று முடிவு செய்வதற்குள் கிளம்பிவிடும். எழும்பூர் வந்தால் இறங்கச் சொல்லுங்கள் என்று எதிரே இருந்தவரிடம் சொல்லி வைத்தேன். மாம்பலத்தில் ஒருமுறை நினைவுபடுத்தினேன். கோடம்பாக்கத்தில் ஒருமுறை. அதன் பிறகு அவர் கண்ணை மூடித் தூங்குவது போல நடித்தார். நுங்கம்பாக்கம் தாண்டியதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டேன். அடுத்த ஸ்டேஷனில் நாலு பேர் இறங்க எழுந்தார்கள். மூட்டையோடு நானும் குதித்தேன். "எறங்கு, எறங்கு, பூடும்" என்று கத்தியதில் ஆரோக்கியமும் பிலோமினாவும் பின்னாலேயே வந்து விழுந்தார்கள். ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் பலகையைப் பார்த்தோம். சேத்துப்பட்டு. தூங்கிக்கொண்டிருந்தவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எழும்பூர் அடுத்தது சார்" என்றார். சொல்லி வைத்ததை மறக்காத நல்ல மனிதர்.

அங்கிருந்து நடை. என் மகள் தன் வாழ்க்கைத் துணையைச் சந்திக்க, கடித்த புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போன காட்சியை நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

மியூசியம் நல்ல இடம். கட்டடங்கள் சிவப்பாக, கம்பீரமாக, நம் ஊர் கலெக்டரைப் போல ஜனங்களைக் கண்டுகொள்ளாமல் நிற்கின்றன. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் புலி, முதலை, மலைப்பாம்பு எல்லாம் அமைதியாக இருக்கின்றன. பார்க்க வந்தவர்கள்தான் காட்டில் இருப்பது போல நடந்துகொள்கிறார்கள். செங்கல்பட்டு ஜில்லா முழுவதும் அன்று அங்கேதான் இருந்தது. ஐம்பொன் சாமி சிலைகளைக் கண்ட ஓர் அம்மாள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கற்பூரம் ஏற்றத் தேடியவளை அவள் வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போனார்.

திமிங்கலத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. கூடத்தின் நீளத்துக்குக் கிடக்கிறது. விலா எலும்பு ஒவ்வொன்றும் சர்ச் திருவிழாப் பந்தலுக்கு நடுகிற மூங்கில் மாதிரி. அதைப் பார்த்ததும் நிம்மதியானேன். சுற்றி நின்றவர்களைப் பார்த்ததும் அந்த நிம்மதி போய்விட்டது.

திமிங்கலத்தின் வாலிலிருந்து வாய் வரைக்கும் குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நடுவில் தலை நிறையப் பூவோடு ஒரு பெண்ணோ, எண்ணெய் வழியச் சீவிய ஒரு பையனோ. எல்லோரும் திமிங்கலத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு, எலும்புகளின் இடுக்கு வழியாக எதிர்ப்பக்கத்தை அளந்துகொண்டிருந்தார்கள். சூசை மச்சானுக்கு மட்டுமே தோன்றிய யோசனை என்று நான் நினைத்தது, மெட்ராஸில் இருக்கும் அத்தனை மச்சான்களுக்கும் தோன்றியிருக்கிறது. பெண்களில் பாதிப் பேர் மஞ்சள். பையன்களில் முக்கால்வாசி நீலச் சட்டை. அந்தப் பொங்கலுக்கு எந்தத் துணிக்கடையிலோ நீல டெரிலின் மலிவாகக் கிடைத்திருக்க வேண்டும்.

மச்சானைக் காணவில்லை. உச்சி வேளை தாண்டியது. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அப்படி நடுங்கும்போது நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன், பார்ப்பவர்கள் பெரிய மனிதன் என்று நினைப்பார்கள்.

"நம்மள தேடிக்கினு சுத்தறாங்களோ இன்னாவோ. நீ போய் யாரையாவது கேளேன்" என்றாள் ஆரோக்கியம்.

"கேக்கக் கூடாது. அதான் முறை."

அப்போதுதான் அவர்களைப் பார்த்தேன். வாலுக்குப் பக்கத்தில் ஒரு தகப்பன், மீசைக்காரர். ஒரு தாய், நல்ல பருமன், முகம் நிறையச் சிரிப்பு, நெற்றியில் பெரிய பொட்டு. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களில் பாதிப் பேர் பொட்டு வைப்பவர்கள்தான், அதனால் அது என் கண்ணில் உறுத்தவில்லை. நடுவில் நீலச் சட்டைப் பையன். மூவரும் பிலோமினாவின் மஞ்சள் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் திமிங்கலத்தைப் பார்த்தார்கள். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

மெதுவாகப் பக்கத்தில் போய் நின்றேன்.

"பெரிசா கீது" என்றேன்.

"ஆமாங்க. நல்ல பெரிசு" என்றார் மீசைக்காரர்.

"குடும்பத்தோட பாக்க வந்தீங்களா?"

"சொம்மா அப்படியே வந்தோம்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எந்த ஊரு நீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியம் முந்திக்கொண்டாள். என் விதிகளில் ஒன்றையாவது அவள் கடைப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

"காஞ்சிபுரங்க."

அந்தக் குடும்பத்தின் முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி ஆயிற்று. அந்த அம்மாள் ஆரோக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். பையன் கம்பெனியில் ஷிப்டு வேலை என்று பேச்சோடு பேச்சாக வந்தது. என் நடுக்கம் நின்றது. எனக்கே ஆச்சரியம், மச்சான் இல்லாமல் நான் தனியாளாக ஒரு சம்பந்தத்தைப் பிடித்துவிட்டேன்.

மீசைக்காரருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. பெட்டிகளில் இருந்த அட்டைகளைப் பிலோமினா அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். "இது எந்த ஊரு முதலை, பாப்பா?" என்று கேட்டார். "நம்மூருதாங்க. ஆனா ஊர்ல இருந்தப்ப யாரும் இவ்ளோ கிட்டப் போய்ப் பாத்துருக்க மாட்டாங்க" என்றாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பையனும் பிலோமினாவும் பறவைப் பெட்டிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் தனியாக ஏதோ பேசினார்கள். பெரியவர்கள் நாங்கள் நால்வரும் ஓர் ஆந்தையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் எங்களையே பார்த்தது.

வெளியே மர நிழலில் ஒரு பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் துண்டை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் மூட்டையில் புளிச்சோறும் நாட்டுக்கோழி வறுவலும். அவர்கள் தூக்கில் தயிர்ச்சோறும் உளுந்து வடையும். மெட்ராஸ் வடை எங்கள் கூட்டு ரோட்டு டீக்கடை வடையைப் போல இல்லை, பல்லால் கடித்தே சாப்பிட முடிந்தது. பிலோமினா பரிமாறினாள். அந்த அம்மாள் அவள் கையையும் நடையையும் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனாள். நான் சைக்கிள் கடைக் கதைகளை அவிழ்த்துவிட்டேன். பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு முன் சக்கரத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க வந்த ஆளின் கதைக்கு மீசைக்காரர் புரையேறி இருமினார். நான் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். சம்பந்தி முதுகு.

வடை கடைசிச் சுற்று வந்தது. மீசைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, "எங்களுக்குத் திருப்திங்க. ஜாதகம் கொண்டாந்துகீறீங்களா?" என்றார்.

நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். "ஜாதகத்துக்கு நான் எங்க போறது? ஞானஸ்நானச் சீட்டு வேணா சாமியார்கிட்ட எழுதி வாங்கியாறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாளின் கையில் வடை பாதியில் நின்றது. பிலோமினா தலையைக் குனிந்தபடி ரவிக்கைக்குள்ளிருந்து சங்கிலியை மெதுவாக வெளியே இழுத்தாள். சிலுவை வெயிலில் மின்னியது.

"நீங்க காஞ்சிபுரம் தேவராஜன் இல்லியா?" என்றார் மீசைக்காரர்.

"நான் வடக்குப்பட்டு அந்தோணி."

"காஞ்சிபுரம்னு சொன்னீங்களே?"

"அது திருடனுக்குச் சொன்னதுங்க."

"நாங்க திருடனா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் வாசல் பக்கமிருந்து வேர்வை ஒழுக ஓடி வந்துகொண்டிருந்தார் சூசை மச்சான். அவர் பின்னால் ஒரு நீலச் சட்டைப் பையன், அவன் பின்னால் கண்ணாடி போட்ட, ஒடிசலான, சிரிப்பென்றால் என்னவென்று விசாரிக்கக்கூடிய முகத்தோடு ஓர் அம்மாள். ஸ்டீபனும் அவன் தாயும். மச்சான் உயிரோடுதான் இருந்தார். அப்போது எனக்கு அது பெரிய ஆறுதலாகத் தோன்றவில்லை.

அவர்கள் பார்த்த காட்சியை நினைத்துப் பாருங்கள். தாங்கள் பார்க்க வந்த பெண், வேறொரு நீலச் சட்டைக்கு எதிரே கோழி வறுவல் பாத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். தகப்பன் என்கிற ஆள், யாரோ ஒரு மீசைக்காரரோடு ஒரே துண்டில் உட்கார்ந்திருக்கிறான்.

என் உடம்பு தானாக எழுந்து பீரங்கிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. நான் போகச் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பீரங்கி, எத்தனையோ பேரை விரட்டியிருக்கும். ஒளிந்துகொள்ள யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

"இன்னா சூசை இது?" என்று கண்ணாடி அம்மாளின் குரல் கேட்டது. "ஒரே நாள்ல ரெண்டு எடத்துல பொண்ணு காட்டறாங்களா? வா ஸ்டீபா, போலாம்."

"இருங்கம்மா, இருங்க. மச்சான், எங்க கீற நீ? பேசு மச்சான்."

மச்சானுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து என் காது மட்டும் தெரிந்திருக்கும். ஊர் முழுக்க வழி சொல்லும் என் வாய், சொந்த மகள் விஷயத்தில் பூட்டிக்கொண்டது. இந்தச் சம்பந்தம் போனால் போகட்டும் என்றாவது இருக்க முடியுமா? 'ரெண்டு எடத்துல காட்டினவங்க' என்ற பெயர் வியாசர்பாடியிலிருந்து வடக்குப்பட்டு வரைக்கும் எங்களுக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விடும். அதன் பிறகு பிலோமினாவை எவன் பார்க்க வருவான்? ஆரோக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

எழுந்து நின்றது அந்தப் பருமனான அம்மாள். பெயர்கூட எனக்குத் தெரியாது.

"போலாம், போலாம். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க" என்றாள். "தப்பு எங்க பேர்ல. நாங்க வேற பொண்ணு பாக்க வந்தவங்க. மஞ்சப் பொடவைய பாத்து இவங்கதான்னு நெனச்சி உக்காத்தி வச்சிட்டோம். பாவம், அந்த மனுசன் மரியாதைக்குப் பேசிக்கினு இருந்தாரு. நான் இவ்ளோ நேரமா இந்தப் பொண்ணோட எல்லாத்தையும் பாத்துட்டேன். எழுத்துத் தெரியாத எங்க வூட்டுக்காரருக்கு ஒவ்வொண்ணா படிச்சிக் காட்டுச்சி, ஒரு தடவ மூஞ்ச சுளிக்கல. சொந்த மருமவகூடச் செய்ய மாட்டா. எங்க சாமியும் ஒங்க சாமியும் ஒண்ணா இருந்திருந்தா நான் இந்நேரம் பூ வச்சி இட்டுக்கினு போயிருப்பேன். ஒங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க, எங்க வூட்டுக்காரர்கிட்ட சாமிய மாத்திக்கலாமான்னு கேக்கறேன்."

மீசைக்காரர் அவசரமாகத் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பது பீரங்கியின் மறைவில் எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடி அம்மாளின் முகத்தில் நடந்த மாற்றத்தை நான் எட்டிப் பார்த்தேன். பேரம் பேசாமல் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்த புடவையை, பக்கத்தில் இன்னொருத்தி பிரித்துப் பார்க்கும்போது வரும் முகம். சட்டென்று பிலோமினாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். நடுவில் யாரும் புகாதபடி.

"சாப்ட்டியாம்மா? வெயில்ல முகமெல்லாம் வாடிப் போச்சு பாரு" என்றாள்.

நான் பீரங்கியை ஆராய்ச்சி செய்துவிட்டு வருகிறவன் போல, "நல்ல இரும்பு" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரு கடன் மிச்சமிருந்தது. மீசைக்காரர் குடும்பத்துக்கு வர வேண்டிய காஞ்சிபுரத்துப் பெண் எங்கே? மறுபடி திமிங்கலத்திடம் போனேன். அந்தக் கூட்டத்தில் தேவராஜனைக் கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. வாய்ப்பக்கத்தில் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரிய மனிதர் போல நின்றிருந்தார். பின்னால் போய்ப் பார்த்தேன். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"காஞ்சிபுரம் தேவராஜனுங்களா?"

"இல்லீங்க, நாங்க செங்கல்பட்டு" என்றார் உடனே.

"பயப்படாதீங்க, நான் திருடன் இல்ல. மாப்பிள்ளை வூடு பீரங்கிகிட்ட கீறாங்க. நல்ல ஜனங்க. வடை தீந்துபோச்சு, அது ஒண்ணுதான் கொற."

அன்று ராத்திரி வியாசர்பாடியில் மச்சான் வீட்டில் தங்கினோம். ஏன் தாமதம் என்று கேட்டால், ஸ்டீபனின் அம்மா கிளம்பின பிறகு வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகப்பட்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போனாராம். பூட்டியிருந்தது. பிறகு அடுப்பை அணைத்தோமா என்று மறுபடி திரும்பினாராம். இதைக் கேட்டதும் அந்த அம்மாள்மேல் எனக்கு அபார மரியாதை ஏற்பட்டது. சம்பந்தியாக வருவதற்கு இப்படி ஒரு பொருத்தம் எந்த ஜாதகத்திலும் கிடைக்காது.

மறுநாள் உயிர் காலேஜ். தற்செயலாக ஸ்டீபன் வீட்டாரும் வந்திருந்தார்கள். இந்தத் தடவை மச்சான் விடிந்ததிலிருந்து என் சட்டைக் காலரை விடவில்லை. சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கியது. முந்தின நாள் ஜில்லா முழுவதையும் பார்த்த களைப்பு, அதைக் குறை சொல்ல முடியாது. நெருப்புக்கோழி ஒன்று ஆரோக்கியத்தின் பூவைக் கம்பி வழியாகக் கொத்திப் பார்த்தது. நாங்கள் ஊரில் கோழியைக் கூண்டில் வைப்போம். இங்கே அது எங்களைக் கூண்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது என்ற எண்ணம் அதன் முகத்தில் இருந்தது.

ஸ்டீபன் லேத்தில் வேலை செய்கிறவன். வாய் பேசாத பையன். "சைக்கிள்ல குண்டு உருளற பால்ரேஸ் கப்பு தேஞ்சா நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று என்னிடம் கேட்டான். மாற்றுவேன் என்றேன். "கடைஞ்சி குடுக்கறேன், எங்கிட்ட அனுப்புங்க" என்றான். கல்யாணத்துக்கு அதைவிட நல்ல பேச்சு எனக்குத் தெரியாது. பிலோமினா அவனிடம், "நேத்து என்னை அப்படிப் பாத்ததும் ஒங்களுக்கு இன்னா தோணுச்சி?" என்று நேராகவே கேட்டாள். அவன் கரடிக் கூண்டின் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தான். "வறுவல் எனக்கு மிச்சம் இருக்குமான்னு தோணுச்சி" என்றான். அவள் திரும்பிக்கொண்டு சிரித்ததை நானும் கரடியும் பார்த்தோம்.

கரடிக் கூண்டுக்கு முன்னால், கண்ணாடி அம்மாள் தன் தலையிலிருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளிப் பிலோமினாவுக்கு வைத்தாள். ஆரோக்கியம் மறுபடி அழுதாள். பீச்சையும் பார்த்துவிட்டு வந்தோம். கடல் பெரிதாக இருக்கிறது. திமிங்கலத்துக்கு இடம் வேண்டுமல்லவா.

திரும்பும்போது தாம்பரத்தில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆரோக்கியம் தூங்கிவிட்டாள். பிலோமினா ஜன்னலோரம் வாடின மல்லிகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒனக்குச் சம்மதந்தானே?" என்றேன்.

"ம்."

"நேத்து அந்த ஜாதகம் கேட்டப்ப எனக்கு உசுரே பூடுச்சி."

"எனக்குப் பறவைய பாத்துக்கினு இருந்தப்பவே தெரியும் நைனா. பேரு இன்னான்னு கேட்டேன், கன்னியப்பன்னாரு. என் பேர சொன்னேன். அவருக்கும் புரிஞ்சிடுச்சி."

நான் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "சாப்பாட்டுக்கு முன்னாடியேவா? அப்பறம் ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வந்தோம். நீ அவங்க நைனாகூட ஆந்தைய பாத்துக்கினு பேசிக்கினு இருந்த. கை நடுங்கவே இல்ல. நீ ஒருத்தர்கிட்ட பதறாம பேசி நான் பாத்ததே இல்ல நைனா. அவரு சொன்னாரு, எங்க நைனாவும் யார்கிட்டயும் இப்படிச் சிரிச்சதில்ல, சாப்ட்டு முடிக்கட்டும், அப்பறம் சொல்லலாம்னு." கொஞ்சம் நிறுத்தி, "வடையும் நல்லா இருந்துது" என்றாள்.

என் வாழ்நாளில் நான் பதறாமல் இருந்த ஒரே ஒரு மதியம், அதுவும் தப்பான ஆட்களோடு. அதையும் என் மகள் பத்திரமாகக் கையில் ஏந்திக்கொண்டு, சிந்தாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெளியே பார்த்தேன். படப்பை தாண்டி வெகு தூரம் வந்த மாதிரி இருந்தது. ஒரு புளியமரம் தெரிந்தது, எங்கள் கூட்டு ரோட்டுப் புளியமரம் மாதிரியே.

"எறங்கு, எறங்கு, பூடும்" என்று எழுந்தேன்.

மூன்று பேரும் இறங்கினோம். பஸ் போனதும் தூசி அடங்கிற்று. ஒரகடத்துக்கு முந்தின ஸ்டாப். ஆரோக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிலோமினா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.